‘ஏற்கிறேன்’ என்று அழுத்த விரலில்லாத கருவிகள்: விடுதி வைஃபையை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

விடுதி உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், அவர்களுக்கு வைஃபை அமைத்துத் தரும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

வைஃபை என்றாலே வேகம் போதவில்லை என்ற புகார்தான் உங்களிடம் வந்து குவியும். நான் கேட்கப்போவது உங்கள் வேகத்தில் ஒரு துளிகூட இல்லை. இரவில் சில நிமிடங்கள், ஒரு புகைப்படத்தின் அளவுகூட இராத தரவு, யாரும் எதையும் அழுத்தாமல் உங்கள் கட்டடத்தைவிட்டு வெளியே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் உங்களில் பெரும்பாலோரிடம் கிடைப்பதில்லை.

என் மார்புத் தோலுக்கு அடியில், இதயத் துடிப்பைக் கவனித்து, அது கட்டுமீறினால் மின்னதிர்வு கொடுத்து நிலைக்குக் கொண்டுவரும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதனுடன் பேசுவதற்கென்று ஒரு சிறு பெட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். மருத்துவ உள்வைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்ட 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டும் பேசிக்கொள்ளும். இடைவெளி சில மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் உறங்கும்போது பெட்டி அன்றைய பதிவுகளைக் கேட்டு வாங்கி, இணையம் வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். இதயத்துக்குள் செல்லும் கம்பி பழுதாகத் தொடங்கினாலோ, மின்கலம் தீரும் நிலைக்கு வந்தாலோ, துடிப்பின் ஒழுங்கு குலைந்தாலோ, எனக்கு ஏதும் தெரிவதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட கருவி பொருத்தப்பட்டவர்களுக்குத் தொலைக் கண்காணிப்பு வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்று இதயத் துடிப்பு மருத்துவர்களின் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டி 2015இல் பரிந்துரைத்தது.

மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். உங்கள் வைஃபை கிடைக்காததால் என் இதயம் நின்றுவிடாது. உள்ளே இருக்கும் கருவி இணையத்தை எதிர்பார்த்து இயங்குவதில்லை. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். ஓரிரு இரவுகள் பதிவு போகாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் பயணம் வாரக்கணக்கில் நீளும்போது கதை வேறு. மருத்துவரைவிட்டு வெகுதூரத்தில், பழக்கமில்லாத நேரத்தில் உறங்கி எழுந்து அலையும் நாட்களில்தான் இந்தக் கண்காணிப்புக்கு உண்மையான மதிப்பு. அந்த நாட்களில்தான் அது அறுந்துபோகிறது.

அறுபடும் இடம் உங்கள் உள்நுழைவுப் பக்கம். அறை எண்ணையும் பெயரையும் கேட்டு, நிபந்தனைகளை நீட்டி, கீழே ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தானை வைத்திருக்கிறீர்களே, அந்தப் பக்கம். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வலையமைப்பை அமைத்தவர்களுக்குத் தெரியும். மேலாளர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு கைபேசி உங்கள் வைஃபையில் சேர்ந்தவுடன், வெளியுலகில் ஒரு சிறு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். ஆண்ட்ராய்டு என்றால் உள்ளடக்கம் ஏதுமில்லாத 204 என்ற பதிலை எதிர்பார்க்கும்; ஐபோன் ‘சக்சஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கும். உங்கள் வலையமைப்பு அந்தக் கேள்வியை வழிமறித்துத் தன் பக்கத்தைத் திணிக்கும். எதிர்பார்த்தது வரவில்லையே என்று கைபேசி ஊகித்துக்கொண்டு, திணிக்கப்பட்ட பக்கத்தைத் திரையில் விரித்துக் காட்டும். விருந்தினர் பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும். ஆக, திரையும் உலாவியும் விரலும் ஒரே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய ஏற்பாடு இது.

என் பெட்டிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. இரண்டு விளக்குகள் இருக்கின்றன. அது மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் நேரே மருத்துவமனைக்கான வழங்கியை (சர்வரை) தேடும். உங்கள் வலையமைப்பு அந்த அழைப்பைக் கைவிட்டால் அது காத்திருந்து ஓயும். இடையில் புகுந்து வேறு பதில் கொடுத்தால் வழங்கியின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் பொருந்தாது, உடனே பேச்சை முறித்துக்கொள்ளும். அது செய்வது முற்றிலும் சரி. நடுவில் யாரேனும் நுழைந்தால் நோயாளியின் பதிவை அவரிடம் கொடுக்கக் கூடாது என்றுதான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நடுவில் நுழைந்தது நீங்கள்.

இந்த வழிமறிப்பு இணையத்தை வடிவமைப்பவர்களுக்கே உறுத்தலாக இருந்து வந்திருக்கிறது. ‘இந்த வலையமைப்பில் நுழைய அனுமதி பெற வேண்டும்’ என்று மென்பொருளுக்குப் புரியும்படி சொல்ல, 511 என்ற பதில் எண்ணை 2012இல் ஆர்.எஃப்.சி. 6585 என்ற இணையத் தர ஆவணம் வகுத்துக் கொடுத்தது. 2020இல் வந்த ஆர்.எஃப்.சி. 8908, 8910 இரண்டும் இன்னும் ஒழுங்கான முறையைச் சொல்கின்றன. கருவிக்கு முகவரி ஒதுக்கும்போதே, இங்கே ஓர் உள்நுழைவுப் பக்கம் இருக்கிறது, அது இந்த இடத்தில் இருக்கிறது என்று வலையமைப்பே தெரிவித்துவிடும். ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்காது. தரம் எழுதப்பட்டு ஆண்டுகள் ஆகியும், நான் தங்கும் இடங்களில் இன்னும் பழைய வழிமறிப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது என் ஒருவனின் சிக்கலா என்றால், இல்லை. உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் எடுத்துச் செல்லும் சிபேப் இயந்திரம் இரவுப் பதிவை மருத்துவருக்கு அனுப்புகிறது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் இயந்திரம் இரவெல்லாம் இயங்கி, எவ்வளவு திரவம் உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கைத் தன் மோடம் வழியே சொல்கிறது. காது கேளாதோர் சைகைமொழியில் பேசுவதற்கான காணொளித் தொலைபேசிக்கு வரும் வேகத்தைப் போலவே போகும் வேகமும் வேண்டும். நீங்களோ பதிவிறக்கத்தை மட்டும் தாராளமாக வைத்துப் பதிவேற்றத்தை நெரித்துவிடுகிறீர்கள். பார்வையற்றவர்களின் பிரெய்ல் கருவியில் உலாவி இருக்கும், ஆனால் உங்கள் பக்கத்தில் பொத்தானைப் படமாக வைத்துப் பெயரிடாமல் விட்டிருந்தால் அது இருந்தும் இல்லாத கணக்குதான். கடைசியாகச் சொன்ன இந்த ஒன்றையாவது உங்கள் பக்கத்தை வடிவமைத்தவர் அரை நாளில் சரிசெய்துவிடலாம்.

இதையெல்லாம் வரவேற்பு மேசையில் சொன்னால் உதவி எண் ஒன்றைத் தருவார்கள். அப்படி ஓர் எண்ணை ஒரு நள்ளிரவில் அழைத்தேன். உலாவியைத் திறந்து பாருங்கள் என்றார் அந்த முனையில் இருந்தவர். இந்தக் கருவியில் உலாவியே இல்லை என்றேன். அப்படியானால் வேறு உலாவியில் முயன்று பாருங்கள் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த தாளில் அடுத்த வரி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொள்ளலாமே என்று அடுத்த ஆலோசனை வரும். பகலில் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கருவிகள் பேசுவது இரவில். இணைந்திருக்கும் கருவி எதுவும் இல்லையென்றால் பல கைபேசிகள் ஹாட்ஸ்பாட்டைத் தாமே அணைத்துக்கொள்ளும். பெட்டி பின்னிரவில் விழித்துப் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இதற்குமேல் அலைவரிசைச் சிக்கல் ஒன்றும் உண்டு. மருத்துவக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். புதிய கைபேசிகளோ 5 கிகாஹெர்ட்ஸை விரும்பும். ஐபோன் 12 முதல் இதற்கென்றே அமைப்புகளில் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்ற ஒரு விசை இருக்கிறது. அது இருப்பது அறியாமல் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

கருவிக்குள்ளேயே சிம் வைத்து அனுப்பும் வகையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான், அந்த நாட்டின் வலையமைப்பு அதற்குப் புரியும் வரை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜி சேவையை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024இல் மூடினார்கள். பழைய மோடம் உள்ள கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. 4ஜி மோடம் இருந்தாலும், ஒரு நாட்டுக்காகச் செய்யப்பட்ட மோடத்தில் இன்னொரு நாட்டின் அலைவரிசை இல்லாமல் போகலாம். தடித்த சுவர்களும் உலோகப் பூச்சுக் கண்ணாடியும் உள்ள உங்கள் கட்டடங்களுக்குள் கைபேசிச் சைகை எப்படி வருகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

சொந்த ஹாட்ஸ்பாட்டை நம்பியவர்களையும் விட்டுவைக்காத கதையும் நடந்திருக்கிறது. நாஷ்வில் நகரில் உள்ள தன் மாநாட்டு விடுதியில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டுகளை வேண்டுமென்றே துண்டித்ததற்காக மேரியட் நிறுவனம் 2014இல் 6 லட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. விசாரணையை நடத்திய அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., இப்படித் தடுப்பது சட்டவிரோதம் என்று 2015 ஜனவரியில் எல்லோருக்குமாக எச்சரிக்கையும் விட்டது. வலையமைப்புப் பாதுகாப்பு என்ற பெயரில் உங்கள் அமைப்பிலும் அப்படி ஒரு விசை போடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரிந்த பயணிகள் பைக்குள் ஒரு சிறு பயண ரௌட்டரை எடுத்துச் செல்கிறார்கள். நானும்தான். அது உங்கள் வைஃபையில் ஒற்றைக் கருவியாகச் சேரும். என் கைபேசியிலிருந்து அதன் வழியே உங்கள் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டால், பின்னால் உள்ள கருவிகள் எல்லாம் நுழைந்துவிடும். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் எழுபது வயது நோயாளி ஒருவரிடம் இதை வாங்கி, அமைத்து, ஒவ்வோர் ஊரிலும் மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு உங்களுக்கு மனம் வருமா? தவிர, உங்கள் அனுமதி பல இடங்களில் 24 மணி நேரத்தில் காலாவதியாகிறது. சில இடங்களில் சற்று நேரம் தரவு ஓடாவிட்டாலே வெளியே தள்ளிவிடுகிறீர்கள். நாள் முழுக்கச் சும்மா இருந்து இரவில் சில நிமிடம் மட்டும் பேசும் கருவியைத் தண்டிப்பதற்கென்றே செய்த விதி போல இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். மிகச் சிறந்த வழி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வைஃபை பெயரின்கீழ் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுக்கும் வசதி, விடுதிகளுக்கென்று விற்கப்படும் பெரும்பாலான கருவிகளில் உண்டு. ரக்கஸ் நிறுவனம் அதை டி.பி.எஸ்.கே. என்கிறது, சிஸ்கோ ஐ.பி.எஸ்.கே. என்கிறது, அரூபா எம்.பி.எஸ்.கே. என்கிறது. பெயர்தான் வேறு, செய்கிற வேலை ஒன்று. விருந்தினர் வந்ததும் அறைச் சாவியோடு ஒரு கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள். அது வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைப் போலவே இயங்கும், அதாவது எந்தக் கருவியும் கேட்கத் தெரிந்த ஒரே மொழி அது. அறையைக் காலி செய்யும் நேரத்தில் அது தானாகச் செத்துவிடும். இன்ன கடவுச்சொல்லில் சேர்ந்தது இன்ன அறையின் கருவி என்பது உங்கள் பதிவேட்டிலும் இருக்கும். ஓர் அறையின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளலாம், பக்கத்து அறையைப் பார்க்க முடியாது என்று வேலி போடவும் இதில் முடியும். இப்போது நீங்கள் எல்லாக் கருவிகளையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பிரித்துவைப்பதால், என் அறைக்குள்ளேயே என் கைபேசியால் என் கருவியைக் காண முடியவில்லை.

சட்டம் கேட்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவு வைக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கவலை. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அடுத்த அறை எண்ணையும் ஒரு பெயரையும் ஊகித்துத் தட்டிவிட முடியும். வரவேற்பு மேசையில் அடையாளச் சான்றைப் பார்த்த பிறகு கொடுக்கும் தனிக் கடவுச்சொல், பதிவேடு என்ற முறையில் அதைவிட உறுதியானது. நிபந்தனைகளுக்குக் கையொப்பம் வேண்டுமா, பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் உண்மையில் எதற்காக நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டுவதற்கு. அதைத் திரட்ட வேண்டுமென்றால் திரட்டிக்கொள்ளுங்கள், என் பெட்டியிடம் மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மின்னஞ்சல் இல்லை.

தனிக் கடவுச்சொல் இப்போதைக்கு முடியாது என்றால், வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் அதன் மேக் முகவரியைப் பதிந்து உள்ளே விடுங்கள். பெரும்பாலான கருவிகளின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் பன்னிரண்டு எழுத்தெண்களாக அது அச்சிடப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 காலத்திலிருந்து கைபேசிகள் வலையமைப்புக்கு வலையமைப்பு முகவரியை மாற்றிக்கொள்வதால், அந்த முறை இனிமேல் பயன்படாது என்று உங்கள் தொழில்நுட்பர்கள் சொல்லக்கூடும். கைபேசிக்கு அது உண்மை. திரையில்லாத கருவிகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் கொடுத்த முகவரியோடுதான் காலம் தள்ளுகின்றன. ஆனால் பதிகிற ஊழியர் இரவுப் பணியிலும் இருக்க வேண்டும், பதிந்த அனுமதி அறையைக் காலி செய்யும் வரை நீடிக்க வேண்டும், அறைக்கு இரண்டு கருவி என்ற உச்சவரம்பில் இதைச் சேர்க்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பதிந்ததும் பதியாததும் ஒன்றுதான்.

இன்னும் சில்லறையாகச் சில. 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடாதீர்கள், நெரிசல் என்று தோன்றினாலும். அதில் 12, 13 என்ற சேனல்களைத் தவிருங்கள். வட அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் பல 11க்கு மேல் கேட்பதில்லை, அவற்றுக்கு உங்கள் வைஃபை இருப்பதே தெரியாது. போர்ட் எனப்படும் வெளியே போகும் வழிகளில், வலைப்பக்கங்களுக்கான 80, 443 இரண்டை மட்டும் திறந்துவைத்து மற்றதை மூடுவதும் வழக்கமாகிவிட்டது. 8883ஐத் திறந்துவையுங்கள், இயந்திரங்கள் பேசும் எம்.க்யூ.டி.டி. என்ற முறை அதில்தான் மறைகுறியாக்கத்தோடு போகிறது. நேரத்தைக் கேட்டுப் பெறும் 123ஐயும் திறந்துவையுங்கள். நேரம் எதற்கு என்று தோன்றும். மின்சாரமின்றிப் பயணப் பெட்டிக்குள் கிடந்த கருவியின் கடிகாரம் தவறியிருந்தால், வழங்கியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றோ எப்போதோ காலாவதியானது என்றோ அது முடிவு கட்டிவிடும். கடவுச்சொல் சரி, சைகை சரி, இணையமும் சரி. ஆனாலும் சிவப்பு விளக்கு எரியும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பொறியாளருக்கே நேரமெடுக்கும் கோளாறு அது.

கருவி செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் பாதிப் பழி உங்களுடையது. நோயாளி வீட்டைவிட்டு நகரவே மாட்டார் என்று நினைத்துக் கருவி செய்திருக்கிறீர்கள். உங்கள் கையேட்டில் பயணம் என்ற தலைப்பின்கீழ் இருப்பது விமான நிலையப் பரிசோதனையும் மின்செருகி வகையும்தான். ஆர்.எஃப்.சி. 8910 சொல்லும் அந்தத் தகவலைக் கருவி படித்தால், இங்கே உள்நுழைவுப் பக்கம் இருக்கிறது என்று கைபேசிச் செயலியில் ஒரு வரி காட்ட முடியும். ஒரே சிவப்பு விளக்கில் எல்லாக் கோளாறுகளையும் அடக்கியிருக்கிறீர்கள். புளூடூத் வழியே கைபேசியிடம் பதிவைக் கொடுத்து, கைபேசி அதை அனுப்பும் மாற்று வழி புதிய கருவிகள் சிலவற்றில் வந்துவிட்டது. பழையவற்றை வைத்திருப்பவர்களுக்கும் ஏதாவது செய்யுங்கள். போகாத இரவுகளின் பதிவைச் சேர்த்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்புங்கள், அப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதை எங்களுக்கும் காட்டுங்கள். தொலைவிலிருந்தே நிறுவனத்தை மாற்றக்கூடிய இ-சிம்முக்கான தரத்தை, இத்தகைய இயந்திரங்களை மனத்தில் வைத்தே கைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. 2023இல் வெளியிட்டது. அடுத்த கருவியில் அதை எதிர்பார்க்கிறேன்.

மறுபடியும் விடுதிக்காரர்களிடமே. முன்பதிவுப் படிவத்தில் கூடுதல் தலையணை வேண்டுமா, எந்தத் தளம் வேண்டும் என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதில் ‘திரையில்லாத மருத்துவ அல்லது உதவிக் கருவியை இணையத்தில் சேர்க்க வேண்டும்’ என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். அதைத் தொட்டவருக்கு அவர் வந்து சேரும் முன்பே கடவுச்சொல்லோ பதிவோ தயாராக இருக்கட்டும். அந்தக் கட்டத்தை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எங்காவது கிடக்கும் ஒரு வைஃபை பிரிண்டரையோ மின்செருகியையோ எடுத்துக்கொண்டு, தொழில்நுட்பர் துணையில்லாமல், உங்கள் இரவுப் பணியாளர் ஒருவரைக் காலியான அறை ஒன்றுக்கு அனுப்பி, அதை இணைக்கச் சொல்லுங்கள். மறுநாள் மாலை வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் அது இணைப்பில் இருந்தால் எனக்கு அந்த அறையைக் கொடுங்கள், வேகம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் விருந்தினர்களில் ஒருவர்